வள்ளிப்பிள்ளையின் கட்டிலை நகர்த்திய நாள்

சில வாரங்களுக்கு முன்பு எமது மாவட்டத்து இளைஞர்கள் தயாரித்த திரைப்படமொன்றின் முதற் காட்சிக்குச் சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டிருந்தேன். ஆஸ்பத்திரியொன்றின் மனநோய் விடுதியில் பல்லாண்டு கிடந்த ஒருவருக்குக் கடற்கரைக் காணியொன்றால் ஒரே நாளிற் பெருஞ்செல்வம் வந்து சேர்கிறது. அதன் பின்னர் அவரைச் சுற்றியிருப்போருக்குப் பிடிக்கும் பைத்தியமே கதை. ‘அவல நகைச்சுவை’ என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்தார்கள். மண்டபம் விடாமற் சிரித்தது. ஆகக் கூடிய சிரிப்பு விடுதியின் பொறுப்புத் தாதியராக வரும் பாத்திரத்துக்குத்தான். மெல்லிய மீசையும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையுமாக வரும் அந்த மனிதர், செய்தி வந்ததும் நோயாளியின் கட்டிலை மின்விசிறிக்குக் கீழே நகர்த்துகிறார். மின்சாரம் போனால் நோயாளிக் குறிப்புகள் வைக்கும் கோவை மட்டையால் விசிறுகிறார். ஈற்றில் ஒரு தங்கச் சங்கிலியையும் வாங்கிக்கொள்கிறார்.

விளக்குகள் எரிந்தபோது பக்கத்தில் இருந்த இளம் தாதிய உத்தியோகத்தர் என் பக்கம் சாய்ந்து, “ஐயா, அது நீங்கதானே?” என்று கேட்டார். “இல்லை” என்று சொல்லிவிட்டு வீடு வந்தேன்.

எமது விடுதியின் சிறப்பு மலரையும் தொகுக்கும் அதே இளைஞர்கள் அதற்குப் பணி அனுபவம் எழுதித் தருமாறு கேட்டிருக்கிறார்கள். அந்த ‘இல்லை’யைத் திருத்துவதற்கு இதைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

முதலில் பிழைகள். முப்பத்துநான்கு வருட சேவையில் நோயாளியிடமோ உறவினரிடமோ ஒரு சீப்பு வாழைப்பழம்கூட நான் பெற்றதில்லை. சங்கிலி கற்பனை. படத்தில் நோயாளி ஆண். எமது நோயாளி பெண். அவர் இன்றும் நலமாக இருக்கிறார், அவருடைய சம்மதத்துடனேயே எழுதுகிறேன். வள்ளிப்பிள்ளை என்பது நான் இட்ட பெயர். மூன்றாவது பிழை, படத்திற் செய்தி வந்து ஒரு வாரம் கழித்துக் கட்டில் நகர்கிறது. உண்மையில் அது அன்றைக்கே நகர்ந்தது. நகர்த்தச் சொன்னவன் நான்.

நான் கல்லூரியிற் படித்தவன். ஆங்கிலத்திலும் கணிதத்திலும் திறமைச் சித்தி பெற்றவன். எழுதுவினைஞர் வேலைக்குப் போவேன் என்று வீட்டில் எதிர்பார்த்திருக்க, தாதியர் பயிற்சிக் கடிதம் முதலில் வந்தது. பயிற்சி முடித்து வெள்ளைச் சட்டையுடன் ஊருக்கு வந்த அன்று என் மைத்துனர் “மிஸ்ஸி வந்திட்டார்” என்றார். பெண் தாதியரைக் கூப்பிடும் அந்தச் சொல் ஓய்வு பெறும் வரை என்னைத் தொடர்ந்தது. அதற்குப் பதிலாக எவரும் குறை சொல்ல முடியாத அளவுக்கு வேலையைச் செய்வதென்று தீர்மானித்தேன். உளமருத்துவ விடுதிக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்டபோது ஆண்கள் மண்டபமும் பெண்கள் மண்டபமும் இரண்டும் என் கீழ் வந்தன. விடுதியின் பின்பக்க யன்னலைத் திறந்தால் வாவி தெரியும். உப்புக் காற்றில் அந்த யன்னற் கம்பிகள் மூன்று வருடத்துக்கொருமுறை துருப்பிடித்து உக்கிப்போகும். அவற்றை மாற்றுவிக்கக் கடிதம் எழுதுவதும் என் கடமைகளில் ஒன்று.

விடுதியின் உயிர்நாடி அவதானிப்புப் புத்தகம். ஒவ்வொரு கடமை மாற்றத்தின் போதும் ஒவ்வொரு நோயாளிக்கும் நான்கு விடயங்கள் எழுதப்பட வேண்டும்: நித்திரை, உணவு, குளிப்பு, பேச்சு. காலை ஏழு மணிக்கு முன் இரவுக் கடமையாளர் வாசிக்க, பகற் கடமையாளர் கேட்டுக் கையொப்பமிடுவார். நான் பொறுப்பேற்ற பின் அந்தப் புத்தகத்தில் ஒரு நாள்கூட ஒரு கட்டமும் வெறுமையாக விடப்படவில்லை. அதையிட்டு நான் பெருமைப்பட்டிருக்கிறேன். தலைமையகத்திலிருந்து வந்த பரிசோதகர்கள் அதை வேறு விடுதிகளுக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டுபோய்க் காட்டியதுண்டு.

சில வருடங்களின் பின் உளமருத்துவ நிபுணர் ஒருவர் மாற்றலாகி வந்தார். அவரை டொக்டர் என்றே குறிப்பிடுகிறேன். விடுதிக்குள் நுழையுமுன் அரை மணி நேரம் அவதானிப்புப் புத்தகத்தை வாசிப்பார். கையில் சிறிய பென்சில் ஒன்று இருக்கும். தான் நம்பாத வரிக்கு எதிரே ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பார். அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லமாட்டார். நோயாளியைப் பார்க்கும்போது நோயாளியின் கதிரையைவிடத் தாழ்ந்த முக்காலி ஒன்றைக் கேட்டு வாங்கி அதில் அமர்வார். நெடிய மனிதர், முழங்கால்கள் நெஞ்சுவரை வரும். “என்ன வருத்தம்?” என்று கேட்டதை நான் அறியேன். “இண்டைக்கு வீட்டில இருந்திருந்தா என்ன சமைச்சிருப்பீங்க? முதல்ல என்ன செய்வீங்க, பிறகு?” என்று தொடங்குவார். அடுப்பு மூட்டுவதிலிருந்து சட்டி இறக்குவது வரை ஒழுங்காகச் சொல்பவரின் சிந்தனை ஒழுங்காக இருக்கிறது என்பது அவரது முறை.

வந்த முதல் வாரமே எனக்கும் ஒரு புள்ளி கிடைத்தது. ‘நோயாளி ஆத்திரமாக இருந்தார்’ என்று எழுதியிருந்தேன். காரணம் கேட்டேன். “ஆத்திரத்தைக் கண்டீங்களா?” என்றார். “கோப்பையைச் சுவரில எறிஞ்சார், டொக்டர்.” “அப்ப அதை எழுதுங்கோ.” அன்று முதல் கண்டதை மட்டுமே எழுதும்படி என் கீழ் உள்ளோரைக் கட்டாயப்படுத்தினேன்.

பணமும் மனநோயும் சேர்ந்து வந்த வேறு சந்தர்ப்பங்களும் உண்டு. காத்தான்குடிப் புடவை வியாபாரி ஒருவரை அவருடைய மகன்மார் கூட்டிவந்தார்கள். பத்து நாட்களாக நித்திரையின்றி, கடைக்கு வருவோர் போவோர் எல்லோருக்கும் சாறன்களையும் சேலைகளையும் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். “ஏன் முன்னரே கூட்டி வரவில்லை?” என்று மகனைக் கேட்டேன். “நோன்பு மாசம் ஐயா, வாப்பா தருமம், நல்லமல் செய்றார் எண்டு ஊரே துஆ கேட்டுது. கடையில சரக்கு முடிஞ்ச பிறகுதான் எங்களுக்குப் பயம் வந்தது” என்றார். சுகமான பின் அந்தப் பெரியவர் கொடுத்தவற்றில் ஒன்றையேனும் திருப்பிக் கேட்கவில்லை. இதைச் சொல்லக் காரணம், செல்வத்தைக் கண்டதும் அதன் பக்கத்திலுள்ள மனிதனைப் பார்க்கும் எமது பார்வை தவறிவிடுகிறது என்பதை நான் அறியாதவன் அல்லன். அறிந்திருந்தும் தவறினேன்.

வள்ளிப்பிள்ளை எமது விடுதிக்கு வந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். காதில் குரல்கள் கேட்டன. வீதியில் இறங்கி நடந்தார், உண்ண மறுத்தார். கணவர் ஏற்கெனவே வேறு வாழ்க்கை தேடிக்கொண்டுவிட்டார். அண்ணன் கொண்டுவந்து சேர்த்தார். முதல் வருடம் இரண்டொரு முறை எவரோ வந்தார்கள். பின்னர் எவரும் வரவில்லை. வீட்டுக்கு அனுப்ப நாங்கள் எழுதிய கடிதங்களுக்குப் பதிலும் வரவில்லை. ஏற்பாரில்லாத நோயாளியை வெளியே விட முடியாதென்பது அக்காலத்து நடைமுறை. அப்படியே பதினொரு வருடம் சென்றது. பெண்கள் மண்டபத்தின் கழிப்பறைப் பக்கக் கடைசிக் கட்டில் அவருடையது.

பாசிக்குடாக் கரையில் உல்லாச ஹோட்டல்கள் எழத் தொடங்கிய வருடங்கள் அவை. ஒரு நாள் பிற்பகல், பார்வையாளர் நேரத்தில், வாடகை வேனில் ஒரு பெண் வந்து இறங்கி, “அக்கா” என்று அழுதபடி உள்ளே வந்தார். அது வள்ளிப்பிள்ளையின் தங்கை. எமது பகுதி வழக்கப்படி தாயின் வீடும் வளவும் மூத்த மகளுக்குச் சீதனமாக எழுதப்பட்டிருந்தன. இளையவருக்குக் கரையிலிருந்து உள்ளே, வட்டை என்னும் வயல்வெளியில் ஒரு வயல். ஆனால் மூத்தவரின் வீட்டில் அப்போது குடியிருந்தவர் தங்கைதான். வீட்டோடு சேர்த்து, கடற்கரையில் முள்ளும் மணலுமாய்க் கிடந்த ஒரு துண்டுக் காணியும் மூத்தவர் பெயரில் இருந்தது. ஆடு கட்டவும் உதவாத அந்தக் காணியை இப்போது ஒரு ஹோட்டற் கம்பனி கேட்கிறது. தங்கை தொகையைச் சொன்னார். பக்கத்தில் நின்ற சிற்றூழியப் பெண் கையிலிருந்த தேநீர்க் கேத்தலைக் கீழே வைத்துவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

வேன் போனதும் “அந்தக் கடைசிக் கட்டில் சரியான வெக்கை. நடுவுக்குக் கொண்டு வாங்கோ” என்று நான் சொன்னேன். வெக்கை என்பது உண்மை. பதினொரு வருடமும் உண்மையாகத்தான் இருந்தது.

மறுநாள் முதல் பிளாஸ்டிக் கோப்பைக்குப் பதிலாக அவருக்குக் கண்ணாடிக் குவளையில் தேநீர் போயிற்று. “ஏய் வள்ளி, எழும்பு” என்று கூப்பிட்டுவந்த சிற்றூழியப் பெண் “வள்ளியக்கா, தண்ணி சுடவைக்கட்டா?” என்று கேட்டார். ஒருவரும் உத்தரவிடவில்லை. ஒருவரும் எதையும் எதிர்பார்த்ததாகவும் நான் நினைக்கவில்லை. அது தானாக நடந்தது.

அடுத்த கிழமை அண்ணனும் வந்தார். அன்று தங்கையும் வந்திருந்தார். இருவர் கையிலும் ஒரே வகைப் பால்மாப் பெட்டி. கட்டிலின் இரு பக்கமும் அமர்ந்து, நடுவில் இருந்தவரை விட்டுவிட்டு என்னோடு பேசினார்கள்.

“இவக்கு இன்னும் சுகமில்ல ஐயா. முகத்தைப் பாத்தாலே தெரியுதே” என்றார் அண்ணன்.

“அக்காக்கு ஒரு வருத்தமும் இல்ல. அண்ணன்தான் விசர்க் கதை கதைக்கார்” என்றார் தங்கை.

“பத்து வருசமா எட்டிப் பாக்காதவ இப்ப டொக்டராயிட்டா.”

“நீங்க மட்டும் கிழமைக்குக் கிழமை வந்த நீங்களோ?”

வள்ளிப்பிள்ளை தட்டிலிருந்த பிஸ்கட்டை எடுத்துத் தேநீரில் தோய்த்தார். “ரெண்டு பேரும் முதல்ல பேசி ஒரு முடிவுக்கு வாங்க. மறுகா நான் விசரியா இல்லையா எண்டு சொல்றன்” என்றார்.

படத்தில் இந்த இடத்திற்கு நிகரான காட்சிக்கு மண்டபம் கைதட்டியது. அன்று விடுதியில் நாங்களும் சிரித்தோம்.

விடயம் பின்வருமாறு நின்றது. வள்ளிப்பிள்ளை சித்த சுவாதீனமுள்ளவர் என்றால் காணியை விற்கவோ வைத்திருக்கவோ, தன் வீட்டுக்குப் போகவோ அவருக்கே உரிமை. இல்லையென்றால் நீதிமன்றம் அவருடைய சொத்துக்கு ஒரு முகாமையாளரை நியமிக்கும். அவர் எங்கே வாழ்வதென்பதையும் அந்த முகாமையாளரே பெரும்பாலும் தீர்மானிப்பார். அண்ணன் தன்னை நியமிக்கும்படி மனுத் தாக்கல் செய்தார். அவர் வென்றால் வள்ளிப்பிள்ளை சாகும்வரை எம்மிடம் இருப்பார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

டொக்டர் தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து அவரோடு மூன்று நாட்கள் பேசினார். நான் அருகில் நின்றேன். மீன் சொதி வைக்கும் விதத்தை ஒரு படியும் தவறாமற் சொன்னார். காணியின் எல்லைகளைக் கேட்டபோது கிழக்கே கடல், வடக்கே பள்ளிக் காணி என்று உறுதிப் பத்திரத்தை வாசிப்பதுபோல் சொன்னார்.

“வித்தா என்ன செய்வீங்க?”

“விக்கிறதோ விடுறதோ எண்டு எல்லாரும் கேக்காங்க டொக்டர். எங்க இரிக்கப் போறாய் எண்டு ஒருத்தரும் கேக்கல்ல.”

“சொல்லுங்கவன். எங்க இருக்கப் போறீங்க?” எமது பேச்சை அவர் கற்றிருந்தார்.

“உம்மாட வீட்டில. தங்கச்சி பின்னறையில இரிக்கட்டும். நான் துரத்தல்ல.”

‘உம்மா’ என்று சொன்னதைக் கவனித்து டொக்டர் என்னைப் பார்த்தார். பக்கத்து முஸ்லிம் பிள்ளைகளோடு வளர்ந்தவர், சிறு வயதிலிருந்தே அப்படித்தான் அழைப்பார் என்று நான் விளக்கினேன். அது எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். போன கிழமை அவரே சொன்னார் என்றேன். “பதினொரு வருசத்தில போன கிழமையா?” என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை.

அன்று பிற்பகல் டொக்டர் புத்தகத்துடன் என் மேசைக்கு வந்தார். செய்தி வருவதற்கு முந்திய பக்கங்களில் வள்ளிப்பிள்ளைக்கு எதிரே நாள் தவறாமல் ஒரே வரி: ‘பேச்சு: மாற்றமில்லை’. அதற்கு முன் எங்கோ ஒரு காலத்தில் ‘தனக்குத்தானே முணுமுணுத்தார்’ என்று எழுதப்பட்டதன் தொடர்ச்சி அது. செய்தி வந்த மூன்றாம் நாளிலிருந்து: ‘தெளிவாக உரையாடினார். தலை வாரிக்கொண்டார். மற்றவர்களுடன் இருந்து உண்டார்.’ எல்லாம் உண்மை. கண்டதையே எழுதியிருந்தோம்.

“முந்தி இவவோட ஆர் கதைச்சது?” என்று டொக்டர் கேட்டார்.

நான் கடமைப் பட்டியலைத் தேடி எடுத்தேன்.

“முந்தி நீங்க இவவை ‘நீ’ எண்டு கூப்பிட்ட ஞாபகம். இப்ப ‘நீங்க’ எண்டுறீங்க.”

அதை நான் உணர்ந்திருக்கவில்லை. பின்னர் அவர் பென்சிலை எடுத்து, ‘மாற்றமில்லை’ என்ற வரிகளுக்கு எதிரே புள்ளிகள் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பின்னோக்கிப் போனார். தான் மாற்றலாகி வந்த மாதம் வந்ததும் நிறுத்தினார். “இந்தப் பக்கமெல்லாம் நானும் வாசிச்சதுதான். அப்ப ஒரு புள்ளியும் வைக்கேல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணனின் சட்டத்தரணி கெட்டிக்காரர். அவதானிப்புப் புத்தகத்தை நீதிமன்றத்துக்கு வரவழைத்தார். பணச் செய்தி வந்த வாரத்திலேயே சுகம் வந்திருக்கிறதென்றால், அது சொல்லிக்கொடுக்கப்பட்ட சுகம், அல்லது சில நாள் தங்கிப் போகும் தெளிவு. இரண்டில் எதுவாயினும் அவர் கையொப்பமிடத் தகுதியற்றவர் என்பது அவரது வாதம். புத்தகத்துக்குப் பொறுப்பானவன் என்ற வகையில் நான் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியவனானேன்.

எனக்கு ஒரு வழி இருந்தது. செய்தி வருவதற்கு முந்திய மாதம் அவருடைய மருந்துக் குளிசையின் அளவில் சிறு மாற்றம் செய்யப்பட்டிருந்தது. அதனாலேயே சுகம் வந்ததென்று நான் சொன்னால் ஒருவரும் மறுக்கமாட்டார்கள். என் புத்தகமும் என் விடுதியும் சுத்தமாக நிற்கும். ஆனால் ஒரு மாதத்துக்குள் வந்த சுகம் ஒரு மாதத்துக்குள் போகவும் கூடும் என்று சட்டத்தரணி அடுத்த நிமிடமே சொல்வார். அதற்குப் பின் வள்ளிப்பிள்ளை அந்தக் கட்டிலை விட்டு எழும்பமாட்டார். இவை இரண்டையும் நான் நன்கு அறிந்துதான் நீதிமன்றப் படியேறினேன். என்ன சொல்ல வேண்டுமென்று டொக்டர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்வாரென்று நான் எதிர்பார்த்திருந்தேன்.

“‘மாற்றமில்லை’ என்று பல வருடங்களாக எழுதியது உங்கள் விடுதிதானே?” என்று சட்டத்தரணி கேட்டார்.

“ஆம்.”

“பின்னர் திடீரென்று மாற்றம் வந்தது.”

“ஆம். மாற்றம் வந்தது எங்களில்.”

நீதிபதி நிமிர்ந்து, விளக்கமாகச் சொல்லும்படி பணித்தார். கட்டிலை நகர்த்தியது, கண்ணாடிக் குவளை, அழைக்கும் முறை ஆகியவற்றை வரிசையாகச் சொன்னேன். அதற்கு முந்திய காலத்தில் அவரோடு எவரும் உரையாடியதில்லை என்றும், உரையாடாத ஒருவரின் பேச்சில் மாற்றமில்லை என்று எழுதினோம் என்றும், முந்திய நாள் வரியைப் பார்த்து அடுத்த நாள் வரி எழுதப்பட்டதென்றும் சொன்னேன். பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். நீதிமன்ற எழுதுவினைஞரும் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டார்.

“அப்படியானால் இவர் எந்தத் திகதியிலிருந்து சுகமாக இருக்கிறார்?” என்றார் சட்டத்தரணி.

“தெரியாது.”

“பொறுப்புத் தாதிய உத்தியோகத்தருக்குத் தெரியாதா?”

“தெரியாது. நாங்கள் பார்க்கவில்லை.”

சில வாரங்களில் கட்டளை வந்தது. டொக்டரின் அறிக்கையையும் என் சாட்சியத்தையும் ஏற்று மனு தள்ளுபடி செய்யப்பட்டது. எனக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கோரும் கடிதம் வந்தது. பதில் எழுதினேன். எச்சரிக்கை கிடைத்தது; அது என் சேவைக் கோவையில் இன்றும் இருக்கும். ஊரில் என்ன பேசினார்கள் என்பதை நான் கேட்கப் போகவில்லை. விடுதியில் ‘மாற்றமில்லை’ என்ற சொல்லைத் தடை செய்தேன். ஒவ்வொரு நோயாளியும் அன்று சொன்ன ஒரு வாக்கியமேனும் அவர் சொன்னபடியே எழுதப்பட வேண்டுமென்று விதித்தேன். அந்த விதி இன்றும் அங்கே கைக்கொள்ளப்படுவதாக அறிகிறேன்.

படத்தின் முடிவில் நோயாளி ஹோட்டலின் நீச்சற் குளத்தில் பணத்தாள்களை மிதக்கவிடுகிறார். வள்ளிப்பிள்ளை காணியில் பாதியை மட்டும் விற்றார். வீட்டுக் கூரையை மாற்றினார், தங்கையின் மகளுக்குப் பின்வளவில் வீடு கட்டிக் கொடுத்தார். மிகுதிக் காணி இன்னும் முள்ளும் மணலுமாய்க் கிடக்கிறது. அண்ணன் இரண்டு வருடம் கழித்து வந்து சாப்பிட்டுப் போனாராம்.

துண்டு வெட்டி அவரை வீட்டுக்கு விடுவித்த நாளில் நடைமுறைப்படி ஆஸ்பத்திரி வேனில் நானே அவரைக் கூட்டிச் சென்றேன். மருந்துப் பையும் கிளினிக் அட்டையும் என் மடியில். ஏறாவூர் தாண்டும்வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர், திரும்பி, “ஐயா, கோட்டில அண்ணன்ட அப்புக்காத்து எப்ப சுகம் வந்த எண்டு கேட்டதுக்குத் தெரியாதெண்டு சொன்னீங்க. என்னைக் கேட்டிருக்கலாமே” என்றார்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம? வந்த மூணாம் வருசம், மாரி மழை. காதுக்குள்ள அந்தச் சத்தம் நிண்டுட்டு. திரும்ப வருமாக்கும் எண்டு ஒரு கிழமை பாத்துக்கிட்டு இரிந்தன். வரல்ல. மறுகா உங்கட மேசைக்கு வந்து, ‘ஐயா, எனக்குச் சுகம் வந்திட்டு’ எண்டன். நீங்க புத்தகத்தில எழுதிக்கிட்டு இரிந்தீங்க. நிமிந்து பாக்கல்ல. ‘சரி, போய் இரு’ எண்டீங்க.”

வேன் ஒரு மாட்டுக்காக நின்று மீண்டும் ஓடியது.

“நான் போய் இரிந்தன்” என்றார்.